பொத்தான் உட்கார்ந்த மடி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அவருடைய இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை அவர் வீட்டில் மூன்றாவது ஆளாகவே நடத்துகிறார், காலையில் கண் விழித்ததும் "அது எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கறியா நீ" என்கிறார், அதனால் நீ பதில் எழுதும்போது அதற்கென்று ஒரு வரி ஒதுக்கிவிடு. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைப்பது மாதிரியே இருங்கள். பேத்தி வரைந்து அனுப்பிய பூனைப் படம் வந்து சேர்ந்தது. அதை நான் தினமும் போய் வேலை செய்கிற பூனைக் காப்பகத்தின் முன்னறைச் சுவரில், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், நானே ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டினேன், கீழே "என் பேத்தி வரைந்தது" என்று பெரிதாக எழுதியும் வைத்தேன். வாட்ச்மேன் பார்த்துவிட்டு "ஏம்மா, பூனைக்கு அஞ்சு கால் இருக்கே" என்றார். "ஓடற பூனையை நின்னுக்கிட்டு எண்ணினா அப்படித்தான் தெரியும், என் பேத்தி ஓட்டத்தை வரைஞ்சிருக்கா" என்றேன். அந்த மனுஷன் அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். நீயும் எண்ணியிருப்பாய், எண்ணினதை அவளிடம் சொல்லிவிடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதை வாயால் சொன்னால் நீ நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். விஷயம் பொத்தானைப் பற்றியது. நர்ஸம்மா ஆஸ்பத்திரி வேலையை விட்டு ஓய்வு பெற்று வந்து, தன் சொந்த வீட்டின் கீழ்த்தளம் முழுவதையும் பூனைகளுக்குக் கொடுத்துவிட்டு மாடியில் ஒற்றை அறைக்குள் குடிபோனாரே, அப்போது மூடிப்போன கிடங்கிலிருந்து கொண்டுவந்த முதல் கூட்டத்துப் பூனைகளில் இப்போது மிச்சம் இருப்பது பொத்தான் ஒன்றுதான். வெள்ளை உடம்பு, மூக்கில் கறுப்பாக ஒரு புள்ளி, சட்டைக்குத் தைத்த பொத்தான் மாதிரி, நான்தான் அந்தப் பெயர் வைத்தேன். மற்றதெல்லாம் போய்விட்டது. நாற்காலியை யாருக்கும் விடாத மேனேஜர் போனான், சோற்று நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே வீடே அதிரக் கத்துகிற அலாரம் போனாள், கண்டக்டரும் போய்விட்டான். பொத்தானுக்கும் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று பூனை டாக்டர் சொல்லிவிட்டார். சரியாகிற வியாதி இல்லை, ஆனால் இந்தச் சிமென்ட் தரைக் குளிரும் முப்பது பூனைச் சத்தமும் இல்லாமல் ஒரு வீட்டில், ஒரு ஆள் பக்கத்தில், வேளைக்கு மருந்தோடு இருந்தால் இருக்கிற காலம் நிம்மதியாக இருக்கும் என்றார். அதைக் கேட்டதுமே நான் வீட்டுக்கு வந்து உன் அறை ஜன்னலோரம் மெத்தை விரித்து, பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, தண்ணீர்க் கிண்ணம்கூட வைத்துவிட்டேன். உனக்குத் தெரியாததா, நீ போனதிலிருந்து இந்த வீட்டில் உன் அப்பாவும் டிவியும்தான் பேசிக்கொள்கிறார்கள், அதிலும் டிவிதான் அதிகம் பேசுகிறது.

ஆனால் நர்ஸம்மாவின் டீச் சட்டம் ஒன்று இருக்கிறது. பூனை வேண்டும் என்று வருகிறவர் முன்னறைத் தரையில் உட்கார வேண்டும், கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, தின்பண்டம் காட்டக் கூடாது. நர்ஸம்மா ஒரு டம்ளர் டீ கொடுப்பார். பூனை தானாக வந்து மடியில் ஏறி அந்த டீ தீரும் வரை இறங்காமல் இருந்தால் அது அவருடையது, இல்லையென்றால் டீ குடித்ததோடு வீட்டுக்குப் போகலாம். ஒரு தடவை ஒரு அம்மா அழுதாளே என்று இரக்கப்பட்டு ஒரு பூனையைக் கொடுத்து, அது அந்த வீட்டு அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டு சாப்பிடாமல் கிடந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தது, அன்றைக்குப் போட்ட சட்டம். அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் என் மகளே கேள், இத்தனை வருஷமாக அதுகளுக்குத் தட்டுக் கழுவி, மணல் தட்டு மாற்றி, பினாயில் போட்டுத் துடைக்கிற என் மடியில் ஒரு பூனை, ஒரே ஒரு பூனை, இதுவரை உட்கார்ந்ததில்லை. நேற்று வந்தவன் மடியிலெல்லாம் உட்காரும், குடிநீர்க் குழாய் ரிப்பேர் செய்ய வந்த ஆள் குனிந்து வேலை செய்தால் முதுகில்கூட ஏறி உட்காரும், நான் உட்கார்ந்தால் மட்டும் எழுந்து போகும். பினாயில் வாடையாம். அதோடு என் குரலும் காரணமாம், நர்ஸம்மா சொல்கிறார், "நீங்க ரகசியம் சொன்னாலே ரெண்டு தெருவுக்குக் கேக்கும்மா" என்று.

பொத்தானுக்காக நான் மூன்று விதமாக முயன்றேன். முதலில் வாசனை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பொத்தான் வந்து என் கால் விரலை முகர்ந்து பார்த்து ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போனது. அடுத்த தடவை சட்டம் தெரிந்தும் காப்பக வேலைக்குப் போட்டுக்கொள்கிற கோட்டுப் பையில் கொஞ்சம் கருவாட்டுத் தூளைப் போட்டுக்கொண்டு போனேன், கண்ணு, பொத்தானைத் தவிர மற்ற எல்லாம் வந்துவிட்டன. தலையில் ஒன்று, தோளில் ரெண்டு, பைக்குள் தலையை விட்டுக்கொண்டு வெளியே எடுக்கத் தெரியாமல் ஒன்று, நான் போட்ட சத்தத்தில் நர்ஸம்மா மாடியிலிருந்து பாதி தலை வாரினபடி இறங்கி வந்தார். பொத்தான் ஜன்னல் மேல் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவைக்கு உன் அப்பா யோசனை சொன்னார், "டீயைச் சட்டுனு குடிச்சிடு, அது தெரியாம ஒரு நொடி உக்காந்தாலும் கணக்குல வந்துடும்" என்று. பொத்தான் என் முழங்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போகக் காலைத் தூக்கியது, நான் உடனே ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொண்டேன், நாக்கு வெந்துவிட்டது. "தாண்டிப் போறது உக்காந்த கணக்கில்லைம்மா" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார், எனக்குத் திருப்பிப் பேச நாக்கு வரவில்லை, உன் அப்பாவுக்கு மட்டும் அன்று முழுவதும் ஒரே சந்தோஷம், வீடு அமைதியாக இருக்கிறதாம். ஆனால் இரவு சாப்பிடும்போது அவரே "அந்த மெத்தையைச் சுருட்டி வெக்கட்டுமா" என்று கேட்டார், நான் வேண்டாம் என்றேன்.

இப்படி இருக்கும்போதுதான் குறை சொல்லும் நாள் வந்தது. வருஷத்தில் ஒரு நாள் செத்துப்போன பூனைகளை நினைத்துக் கூடுவோம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், அதில் என்ன செய்வோம் என்று சொன்னதில்லை. முதல் வருஷம் எல்லோரும் அதுகளைப் புகழ்ந்து பேசத் தொடங்கினோம், ஒருவரும் பேசி முடிக்கவில்லை, அழுத மூக்கைத் துடைக்கக் கைக்குக் கிடைத்த பூனைத் துண்டையே எடுத்துத் துடைத்து எல்லோருக்கும் மூக்கு வீங்கிவிட்டது. அன்றிலிருந்து நர்ஸம்மா புகழக் கூடாது என்றுவிட்டார். செத்த பூனையைப் பற்றிக் குறை மட்டும்தான் சொல்ல வேண்டும், நல்ல வார்த்தை ஒன்று வாயில் வந்தாலும் சொன்னவர் மறுநாள் எல்லா மணல் தட்டையும் கழுவ வேண்டும். அதனால் அவரவர் வருஷம் முழுக்கக் குறையைச் சேர்த்து வைத்துக்கொண்டு வருவோம்.

இனி எழுதப்போகிறதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே, கொஞ்சம் தள்ளி நல்ல இடம் வரும், அப்போது நானே சொல்கிறேன். அன்றைக்கு யாரும் அழைக்காமலே உன் மாமியார் வந்து இறங்கினார். பேத்தியின் படம் சுவரில் இருக்கிறது என்று உன் அப்பா காய்கறிக் கடையில் பார்த்துச் சொல்லியிருக்கிறார், உன் அப்பாவுக்கு வாயில் தாழ்ப்பாள் ஏது. உள்ளே வந்ததும் எனக்கு ஒரு வணக்கம்கூட இல்லை, நேரே படத்துக்குப் போய், கீழே எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, "என் பேத்தின்னு எழுதியிருக்கே, யாரோட பேத்தின்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார். "நம்ம பேத்தின்னு மாத்திடட்டுமா சம்பந்தி" என்றேன், சிரித்தபடிதான் கேட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது உனக்குத் தெரியுமே. அதற்குள் வாட்ச்மேன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "அஞ்சு காலு" என்று தொடங்கினார். உன் மாமியார் அவர் பக்கம் திரும்பி "அஞ்சாவது கால் இல்லைங்க, வால். கண்ணு மங்கிட்டா கண்ணாடி வாங்கிப் போடுங்க" என்றார். வால் தனியாகப் பின்னால் நன்றாகவே இருக்கிறது, எனக்குத் தெரியும், ஆனாலும் நான் "அதானே" என்றேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே கட்சியில் நின்றது அதுதான் முதல் தடவை.

நாற்காலி எல்லாவற்றிலும் பூனைகள் இருந்ததால் உன் மாமியாரும் தரையில்தான் உட்கார வேண்டியிருந்தது. நர்ஸம்மா எல்லோருக்கும் டீ கொடுத்தார், குறை சொல்லத் தொடங்கினோம். டாக்டர் மேனேஜரைப் பற்றிச் சொன்னார், "என் நாற்காலியில உக்காந்துக்கிட்டு என்னையே நோயாளி மாதிரி ஏற இறங்கப் பார்ப்பான், ஊசி போட்டது நான், காசு கேக்கற மாதிரி கையை நீட்டினது அவன்" என்று. வாட்ச்மேன் அலாரத்தைப் பற்றி, "அது கத்தறதை நம்பி என் கடிகாரத்தைத் திருப்பி வெச்சேன், அது இருந்த வரைக்கும் எல்லா நாளும் வேலைக்கு முன்னாடியே வந்து நின்னேன், இப்பப் பாருங்க, லேட்டா வர்றேன், இந்தக் கெட்ட பேரும் அதனாலதான்" என்றார், சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார். நான் கண்டக்டரைப் பற்றிச் சொன்னேன். சாப்பாட்டு வரிசையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து ஒவ்வொன்றையும் உள்ளே போ உள்ளே போ என்று இடித்து நெருக்குவான், தான் மட்டும் கதவுப்படியில்தான் படுப்பான், தட்டைத் தூக்கிக்கொண்டு நான் தினமும் அவனைத் தாண்டித் தாண்டிப் போய் இடுப்பு போச்சு, சாகிற அன்றும் அதே படியில்தான் படுத்தான், கடைசிவரை எனக்கு வழி விடவே இல்லை பாவி என்றேன். இப்போதும் காலைத் தூக்கித்தான் அந்தப் படியைக் கடக்கிறேன், அதைச் சொல்லவில்லை, சொன்னால் மணல் தட்டு.

உன் மாமியாருக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. குறை சொல்லச் சொல்லி இப்படி ஒரு கூட்டம் நடப்பது தெரிந்திருந்தால் அவர் முதல் வருஷமே வந்திருப்பார். டீயில் சர்க்கரை தூக்கல் என்றார், ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது என்றார், பூனைக்குப் போய் மேனேஜர் என்று பெயரா என்றார். நர்ஸம்மா சிரித்துக்கொண்டே "உங்களுக்கும் சொல்றதுக்கு ஒரு பூனை இருக்கும் போலிருக்கே, சொல்லுங்க" என்றார். "எனக்கு ஏது, எனக்குப் பூனையே ஆகாது" என்றவர், டீயை ஊதி ஊதி ஒரு வாய் குடித்துவிட்டு, தானாகவே தொடங்கினார். இந்த இடத்தை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு, அவருக்கே இது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். உன் மாமனாருக்கு வேலையெல்லாம் முடிந்து வீட்டோடு இருந்த காலத்தில் பின்வாசலுக்கு ஒரு சாம்பல் பூனை வருமாம். "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு என் பங்குப் பாலை அதுக்கு ஊத்துவார். நான் வந்தா அது ஒரு பக்கம் பார்க்கும், அவர் ஒரு பக்கம் பார்ப்பார், ரெண்டு மூஞ்சியிலும் மீசையில பால். பேப்பரை விரிச்சா அது மேல படுத்துக்கும், அது எழுந்திரிக்கற வரைக்கும் மனுஷன் அந்தப் பக்கத்தைத் திருப்ப மாட்டார், நாட்டுல என்ன நடந்தாலும் எங்க வீட்டுக்கு மத்தியானம்தான் தெரியும். அவர் போனதும் அதுவும் வர்றதை நிறுத்திடுச்சு. போறதுன்னா சொல்லிட்டுப் போகணுமா இல்லையா? ரெண்டுமே சொல்லலை. இதுதான் என் குறை" என்றார். குரலை உயர்த்தவே இல்லை, பருப்பு வாங்கி வந்த கதை சொல்கிற மாதிரி ஒரே சீராகச் சொன்னார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். அப்போதுதான் பார்த்தேன், பொத்தான் ஜன்னலிலிருந்து இறங்கி, கூட்டத்தின் நடுவே யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, என் காலைச் சுற்றிக்கொண்டு போய், உன் மாமியார் மடியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தது.

என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு பானை சோறு வெந்திருக்கும். உன் மாமியார் டம்ளரில் பாதி டீ இருந்தது, அவருக்குச் சட்டம் தெரியாது, எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் டீ குடிக்கிற அழகு உனக்குத் தெரியும், ஊதுவார், பார்ப்பார், மறுபடி ஊதுவார், நான் குடித்திருந்தால் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன். என் கையில் பூனைச் சாப்பாட்டுத் தட்டு ஒன்று இருந்தது. அது கீழே விழுந்தது. கை தவறிவிட்டது என்று அங்கே சொன்னேன், உன்னிடம் சொல்கிறேன், தவறவில்லை. தட்டுச் சத்தம் கேட்டால் எல்லாப் பூனையும் ஓடி வரும், வந்தன, நாற்காலியில் தூங்கினவை, அலமாரி மேல் இருந்தவை, சீக்கு அறையில் எழுந்திருக்கவே முடியாது என்று டாக்டர் சொன்ன ஒன்றுகூட வந்தது. பொத்தான் ஒரு காதை மட்டும் திருப்பியது. உன் மாமியார் கடைசி வாயையும் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

நர்ஸம்மா டீச் சட்டத்தையும் பொத்தானின் வியாதியையும் சொன்னதும் உன் மாமியார் ஆடிப்போய்விட்டார். "எனக்கா? எதுக்கு? நான் படம் பார்க்க வந்தேன், நீங்க குடுத்தீங்க, குடிச்சேன். ஒரு டீக்கு ஒரு பூனையா?" என்று கேட்டார். வீடெல்லாம் முடி உதிரும், தனியாள் நான், எனக்கே மருந்து எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்று அடுக்கினார். "வேண்டாம்னா வற்புறுத்த மாட்டோம்மா, அது இங்கேயே இருக்கட்டும்" என்றார் நர்ஸம்மா. உன் மாமியார் பொத்தானை இரண்டு கையாலும் சூடான பாத்திரத்தை இறக்குகிற மாதிரித் தரையில் இறக்கிவிட்டுச் செருப்பைத் தேடப் போனார். பொத்தான் அந்தச் சிமென்ட் தரையிலேயே நின்றது. ஜன்னலுக்குத் திரும்பிப் போகவில்லை. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அதுவரை ஜெயிக்கப் போவது நானா அவரா என்றுதான் இருந்தேன், அது நின்ற நிலையைப் பார்த்ததும் அதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நான் உன் மாமியாரிடம் இதுவரை ஒரு கரண்டிகூட இரவல் கேட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே, பூனை தப்பிவிடாமல் இருக்கக் கட்டின அந்த ஒற்றை ஆள் நிற்கிற கூண்டுக்குள் போய் அவரோடு நெருக்கி நின்று, "சம்பந்தி, கூட்டிட்டுப் போங்க சம்பந்தி" என்றேன். "நீங்கதானே ஆசைப்பட்டீங்களாம், உங்க வீட்டுக்காரர் சொன்னாரே, நீங்களே கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே" என்றார். "அதுக்கு என்னைப் பிடிக்கலை. எனக்குக் கிடைக்கலைன்னா போகுது, அதுக்கு ஒரு மடி கிடைக்கணும், அது உங்களைத்தான் பார்த்திருக்கு" என்றேன். ஒரு செருப்பை மாட்டினவர் மற்றதை மாட்டாமல் நின்றார். அப்புறம் "மருந்து யாரு குடுப்பா?" என்றார். நான் தருகிறேன் என்றேன். "காலையிலயும் சாயங்காலமுமா?" ஆமாம் என்றேன். "வந்தா சும்மா இருப்பீங்களா, என் சமையலறையைப் பார்த்துட்டு அது சரியில்லை இது சரியில்லைன்னு சொல்லுவீங்க." "சொல்லத்தான் சொல்லுவேன் சம்பந்தி" என்றேன். "அப்பச் சரி" என்றார்.

ஆக, இப்போது நான் தினமும் இரண்டு வேளை உன் மாமியார் வீட்டில். பொத்தான் சோபாவில் அவர் மடியில் மகாராணி மாதிரிப் படுத்திருக்கும், நான் மருந்துக் குழாயோடு பக்கத்தில் உட்கார்ந்தால் என்னை ஜென்ம விரோதி மாதிரிப் பார்க்கும். என் குரல் தெருவில் கேட்டதுமே திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறதாம், ஆனால் வாலை உள்ளே இழுக்கத் தெரியவில்லை. "வந்துட்டாங்க பாரு உன் எமன்" என்று உன் மாமியார் அதனிடம் சொல்கிறார். அவர் பிடித்துக்கொள்வார், நான் வாயில் விடுவேன், பாதி என் கோட்டுக்கு, பாதி அதன் வயிற்றுக்கு. உன் அப்பாவும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறார், உன் மாமியார் "முழங்கால் எப்படி இருக்கு" என்று தினமும் கேட்கிறார், உடனே உன் அப்பா என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்க்கிறார். அந்த வீட்டு மிளகாய்த்தூள் டப்பா அடுப்புக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, சொன்னேன், சண்டை போட்டார், மறுநாள் தள்ளி வைத்திருந்தார். பொத்தான் முன்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எத்தனை நாள் என்று என்னைக் கேட்காதீர்கள், இருக்கிற நாள் நல்ல நாள் என்றார். உன் மாமியார் அவர் போனதும் செய்தித்தாளை எடுத்துச் சோபாவில் விரித்து வைத்தார். பொத்தான் அதன் மேல் போய்ப் படுத்தது. அன்று சாயங்காலம் வரை யாரும் பேப்பரைத் திருப்பவில்லை.

உன் அறை ஜன்னலோரம் போட்ட மெத்தையை எடுக்கவில்லை, நீ வந்தால் உட்கார ஆகும். குளிர்காலத்தில் பேத்திக்குக் காதை மூடி அனுப்பு, ஐந்து கால் வரைந்தால் ஐந்தும் இருக்கட்டும், திருத்தாதே. மாப்பிள்ளையை வேலை முடிந்ததும் கொஞ்சம் நடக்கச் சொல். நீங்கள் மூன்று பேரும் மனம் ஒத்து, வயிறு நிறைந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், இது நானும் உன் அப்பாவும் மட்டுமல்ல, உன் மாமியாரும் சேர்ந்து சொல்கிற வாழ்த்து, இந்தக் கடைசிப் பக்கத்தை அவர் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், எட்டி எட்டிப் பார்க்கிறார், கண்ணாடி இல்லாததால் ஒன்றும் தெரியவில்லை. மறக்காமல் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசும்போது நான் "யாருக்கு முதல்ல போன் பண்ணினே" என்று கேட்டால் "உனக்குத்தாம்மா" என்பாய். அவரிடமும் "உங்களுக்குத்தான் அத்தை" என்று சொல்லிக்கொண்டு வருகிறாய் என்பது நேற்று மருந்து கொடுக்கும்போது பேச்சுவாக்கில் வெளிவந்துவிட்டது. இருவரும் ஒரு பாட்டம் உன்னைத் திட்டிவிட்டு அப்புறம் சிரித்தோம். இனிமேல் உனக்கு அந்தச் சிரமம் வேண்டாம், சாயங்கால மருந்து நேரத்துக்கு அத்தை வீட்டு எண்ணுக்குப் பேசு, ஒரே தடவை பேசினால் போதும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா

(அத்தையும் கையெழுத்துப் போடுவதாகத்தான் சொன்னார். மடியில் பொத்தான் தூங்குகிறது, எழுந்து வர முடியாதாம்.)